மூன்றாம் சிலிண்டரில் விரிசல்

என் நானா முத்தலிபு, என் கூடப்பிறந்த அண்ணன், ஹெட் வேலை செய்கிறவர். முந்தலிலிருந்து சிலாபம் வரைக்கும் பழைய லொறி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அவருடைய பெயரைச் சொல்வார்கள். என்ஜினுக்கு மேலே மூடியைப் போலப் பூட்டியிருக்கும் கனத்த இரும்புதான் ஹெட். வால்வுகள் அதற்குள்தான் ஏறி இறங்கும். டீசல் எரிவது அதற்குக் கீழே. எரிகிற சூட்டை இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர் ஓடுவதும் அதற்குள்ளேதான். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அங்கே ஒரு விரல் மொத்தத்தில் இரும்புச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் விரிந்தால் லொறி படுத்துவிடும். அப்படிப் படுத்த லொறிகள்தான் எங்கள் வளவுக்கு வரும்.

வேலை நடப்பது குசினிக்கு நேரெதிரே, ஒரு தகரக் கொட்டகையில். சோறாக்கும்போதும் துணி தைக்கும்போதும் என் கண் அங்கேதான் இருக்கும். அதனால் இதில் நான் எழுதுவதில் பெரும்பாலானவை கண்ணால் கண்டவை. மிச்சத்தை நானாவே பிறகு சொன்னார்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியே அனுப்பியபோது நானாவுக்கு மீசை அரும்பியிருந்தது. வயலையும் மாட்டையும் தவிர வேறொன்றும் தெரியாது. புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், சிலாபத்தில் ஒரு கராஜுக்கு நட்டுக் கழுவப் போனார். கழுவுகிற நட்டு எங்கிருந்து கழன்றது, எங்கே திரும்பப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். இடது கையின் சுட்டுவிரல் நுனியை அந்தக் கராஜிலேயே ஒரு என்ஜின் விசிறித் தகடு எடுத்துக்கொண்டது.

கை நல்லது. வாய் பொல்லாதது. வேலை பிழைத்தால் முன்னால் நிற்பவர் யாரென்று பார்க்க மாட்டார், சொல்லிவிடுவார். அதைத் திரும்ப எடுக்கவும் தெரியாது. யாரையாவது நோகடித்துவிட்டால் மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் எதையாவது திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். என்னை ஏசிய மறுநாள் என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டிருக்கும். மதினியோடு சண்டை பிடித்தால் குசினிக் கதவின் பிணைச்சல் சத்தம் போடாது. நாங்களும் அதை மன்னிப்பாகவே எடுத்துப் பழகிவிட்டோம்.

நாங்கள் குடியிருக்கும் இடம் உப்புத் தண்ணீர்க் களப்பை ஒட்டியது. கிணறு தோண்டினால் தண்ணீர் வரும். ஆனால் உவர்த் தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடித்தால் தாகம் கூடும். யுத்தம் நடந்த காலம் முழுதும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் குடிநீர் கொண்டுவந்து தந்தது. யுத்தம் முடிந்ததும் அவர்கள் வடக்குக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களிலும் பாதிப்பேர் மன்னாருக்குத் திரும்பினார்கள். இங்கேயே பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மையித்துகளையும் இங்கேயே அடக்கிவிட்ட மிச்சப்பேர் இருந்துவிட்டோம். பள்ளிவாசல் நிர்வாகம் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய லொறியை வாங்கி, அதன் முதுகில் தாங்கி ஏற்றித் தண்ணீர் பவுசராக்கியது. முந்தல் றோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் தன்னுடைய நல்ல தண்ணீர்க் கிணற்றைத் திறந்துவிட்டார். இந்தச் சனம் குடிக்கட்டும் என்று நிய்யத் வைத்துக் கொடுத்த கிணறு அது.

பவுசரை ஓட்டக் கொடுத்தது இப்றாஹிமிடம். மன்னாரில் உழவு மெஷின் ஓட்டியவர்; இங்கே வந்து உப்பளத்தில் கூலியாக நின்றவர். உப்புப் பாத்தியில் வருஷக்கணக்காக நின்று அவருடைய பாதங்கள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. காலை நிலத்தில் முழுதாக வைத்து நடக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு அந்த டிரைவர் சீட் கிடைத்ததை ஊரில் யாரும் பொறாமையாகப் பார்க்கவில்லை. வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காக ஓட்டியிருக்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவு. சொந்த வீட்டுக்குக் கடைசியில்தான் குழாயைத் திருப்புவார். தாங்கியிலிருந்து கசிகிற தண்ணீரைக்கூட வாளி வைத்துப் பிடித்து, அன்றைக்கு யாருக்குக் குறைந்ததோ அவர்களுக்கு ஊற்றுவார்.

லொறி முதல் தடவை படுத்தது ஒரு கோடையில். பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் ரேடியேட்டர் கொதிப்பு. நானா ஹெட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, அதன் மேல் வெள்ளைச் சோக்கைத் தேய்த்தார். விரிசல் குடித்த மண்ணெண்ணெய் கொஞ்ச நேரத்தில் சோக்குக்கு மேலே கசிந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு விட்டது. மூன்றாம் சிலிண்டருக்கு மேலே, இரண்டு வால்வுகளுக்கும் நடுவில்.

ஊர் குடத்தோடு காத்திருந்தது. நானா அவசரப்பட்டார். அந்த ஹெட்டை அப்படியே சிலாபத்துக்கு அனுப்பிக் கழுவி எடுத்தார். வளவில் குழி வெட்டிச் சிரட்டைக்கரி மூட்டி, ஹெட்டை அதில் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, விரிசலை வெட்டி ஒட்டினார். சாம்பலால் மூடி மறுநாள் வரைக்கும் ஆறவிட்டார். பூட்டிக் கொடுக்கும்போது, அண்ணன் முறையில் "காக்கா" என்று தான் கூப்பிடும் இப்றாஹிமிடம் சொன்னார்:

"காக்கா, தண்ணியப் பாத்து ஓட்டுங்க. ரேடியேட்டர் ஒரு நாளும் குறையக் கூடாது."

"ஓம் தம்பி, குறைய விட மாட்டேன்."

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

மழைக்காலம் போய் அடுத்த வெயில் தொடங்கியபோது லொறி மறுபடியும் படுத்தது. அஸர் தொழுகை முடிந்த பின்னேரம். தண்ணீர் எடுக்கிற மூலையில் நாங்கள் எல்லோரும் குடங்களோடு நின்றோம். பவுசர் சந்தி திரும்பும்போதே ஆவி கிளம்பிக்கொண்டு வந்து, எங்களுக்கு முன்னால் ஒரு முறை உறுமி நின்றுவிட்டது. நானா ஓடிவந்தார். துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஆவி மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"முதுகுல ஊருக்கே தண்ணி" என்றார் நானா, எல்லோருக்கும் கேட்கும்படி. "வகுத்துல ஒரு சொட்டு இல்ல. ஏன் காக்கா, லொறிக்கும் நோன்பு புடிக்க வச்சீங்களோ?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்றாஹிமின் முகம் அப்படியே நின்றது. "நான் ஊத்தினேன் தம்பி. காலையிலயும் ஊத்தினேன். லுஹருக்கும் ஊத்தினேன்."

"ஊத்தினா எங்க போற? என்ஜின் குடிச்சுட்டு ஏப்பம் விட்டதோ?"

இன்னும் சிரிப்பு. பள்ளிவாசல் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "முத்தலிபு, நீ தொழில் தெரிஞ்சவன். சரியாச் சொல்லு. இது லொறிட பிழையா, ஓட்டினவர்ட பிழையா?"

நானா என்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணியில்லாம ஓட்டின ஆள்ட பிழை" என்றார்.

ஹாஜியார் கையை நீட்டினார். இப்றாஹிம் சாவியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, கசிகிற குழாய்க்குக் கீழே வழக்கம் போல வாளியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த கிழமையே அவர் உப்பளத்துக்குத் திரும்பிப் போனார். பாதங்களில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் எங்கள் வேலியைக் கடந்து போவதை நான் பார்த்தேன். சந்தியில் நிற்கிற பொடியன்கள் "நோன்பு லொறி" என்று பின்னால் கூப்பிடுவார்கள். அவர் திரும்ப மாட்டார். வேகமாக நடக்கவும் அவரால் முடியாது.

தண்ணீர் இல்லாத நாட்கள் அவை. தண்ணீர் ஏற்ற வாடகைக்குப் பிடித்த உழவு மெஷின் ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. அந்த நாட்களில்தான் எங்கள் நான்காம் வீட்டு உம்மு குல்தூமின் வாப்பா மௌத்தானார். கன நாளாகப் படுக்கையில் கிடந்தவர். உயிர் பிரிகிற சக்கறாத்து நேரத்தில் வாயில் தண்ணீர் விட ஆட்கள் நல்ல தண்ணீர் தேடினார்கள். எங்கள் வீட்டிலும் அன்றைக்கு இல்லை.

நானா இரண்டாம் முறை ஹெட்டைக் கழற்றினார். மண்ணெண்ணெய், சோக்கு. அதே மூன்றாம் சிலிண்டர். பழைய ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு. "பாத்தியா, காய்ஞ்சு ஓடியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஹெட்டைச் சிலாபத்துக்குக் கொண்டுபோன நாளில் எனக்கு அங்கே ஆஸ்பத்திரியில் கிளினிக் இருந்தது. அதே வான் வண்டியில் நானும் போய், கிளினிக் முடிந்து, அந்த லேத் பட்டறையில் போய்க் குந்தினேன். பட்டறை கத்தரினாவுடையது. புருஷன் செத்த பிறகு லேத்தையும் சாணை மெஷினையும் அவரே நடத்துகிறார். கழுத்தில் ஜெபமாலை, கையில் கிறீஸ். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். நானாவை அவர் கராஜில் நட்டுக் கழுவிய நாளிலிருந்தே தம்பி முறையில் "மல்லி" என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மல்லி, திரும்பவும் இந்தக் கிழவியா?" என்றார் ஹெட்டைப் பார்த்து.

"ஓட்டத் தெரியாத ஆளுக்குக் குடுத்தா இப்படித்தான் அக்கா. தண்ணியில்லாம ஓட்டியிருக்கான்."

கத்தரினா சிரித்தார். "தண்ணியில்லாமலா? போன முறை இத நான் கழுவினேனே. மருந்துத் தொட்டியில போட்டு எடுத்தா, உள்ளுக்கிருந்து என்ன வந்திச்சு தெரியுமா? ஒரு தாச்சி நிறையச் சுண்ணாம்பு. வெத்தில போடுற எங்கட மாமிக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்."

நானா ஹெட்டில் வைத்திருந்த கையை எடுத்தார். "நீங்க சொல்லல்லையே."

"நீ கேட்டியா? சுருக்கா, சுருக்கா, ஊர் தண்ணியில்லாம நிக்கிதெண்டு நாயப் பேய விரட்டுற மாதிரி விரட்டின."

நானா ஒரு கம்பியை எடுத்து மூன்றாம் சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் துளைக்குள் விட்டார். அரை விரல்கூட உள்ளே போகவில்லை. குத்தினார். ஓடு ஓடாக வெள்ளைக் கட்டி உதிர்ந்து விழுந்தது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பவில்லை. அப்படியே பெஞ்சில் இருந்துவிட்டார்.

"அடைச்சிருக்கு" என்றார் என்னைப் பார்த்து. "ரேடியேட்டர் நிறையத் தண்ணி இருந்தும் இந்த இடத்துக்கு வந்து சேரல்ல. சூடேறிக் கொதிச்சு ஆவியாப் போயிருக்கு. அந்த மனுசன் ஊத்தித்தான் இருக்கார்."

கத்தரினா லேத்தை நிறுத்தினார். "என்ன மல்லி, யார்ட தலையிலயும் பழி போட்டியா?"

நானா எழும்பி வெளியே வந்தார். முந்தலில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேரே இப்றாஹிமின் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வர வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

இப்றாஹிம் உப்பளத்திலிருந்து வந்து, கதிரையில் உட்கார்ந்து பாதங்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"காக்கா, ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

"கிணத்துத் தண்ணி."

"நம்மட உவர்க் கிணத்துத் தண்ணியா?"

"வேற எது?"

"முதுகுல நல்ல தண்ணி நிறைய வச்சுக்கொண்டா?"

இப்றாஹிம் எண்ணெய்ப் போத்தலை மூடினார். "தம்பி, அது ஊர் என்ட கையில நம்பித் தந்த அமானத். தோட்டத்துப் பெரியவர் குடிக்கிறதுக்கெண்டு நிய்யத் வச்சுத் தந்த தண்ணி. அதுல ஒரு கோப்பை எடுத்து இரும்புக்கு ஊத்த எனக்கு என்ன ஹக் இரிக்கி? நீ குறைய விட வேணாமெண்டு சொன்னாய். நான் அதுக்குப் புறகு கூடக்கூடத்தான் ஊத்தினேன்."

நானா வாசலிலேயே நின்றார். தன்னுடைய பேச்சைக் கேட்டுத்தான் அவர் இன்னும் அதிகமாக ஊற்றியிருக்கிறார் என்பது அப்போது எனக்கும் விளங்கியது. இங்கே வளர்ந்த எங்களில் யாரும் அவருடைய இடத்தில் வேறு மாதிரிச் செய்திருக்க மாட்டோம். நல்ல தண்ணீரால் நாங்கள் கை கழுவுவதுகூட இல்லை. அந்த என்ஜினுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

"நான் ஹெட்ட புதுசு மாதிரி ஆக்கித் தாறேன் காக்கா" என்றார் நானா. இப்றாஹிம் மறுபடியும் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்.

அடுத்து நானா செய்த வேலையைப் போல ஒரு வேலையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அந்த இரும்புக்கு இன்னொரு முறை நெருப்புக் காட்ட அவருக்கு மனமில்லை. விரிசலின் நீளத்துக்குச் சின்னச் சின்னத் துளைகள் போட்டார். ஒவ்வொன்றிலும் மரை வெட்டி, வார்ப்பிரும்பில் கடைந்த ஆணியை முறுக்கி இறக்கி, அதன் விளிம்பைத் தின்றுகொண்டு அடுத்த துளையைப் போட்டார். ஆணிமேல் ஆணியாக விரிசல் முழுதும் மூடியதும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒன்றாக்கினார். ஒரு பெண்பிள்ளை தையல் போடுவது போல இருந்தது.

பிறகு ஹெட்டை இருந்தபடி விடாமல் மாற்றவும் தொடங்கினார். மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்குப் போகும் தண்ணீர்த் துளைகள் பிறவியிலேயே சிறியவை. அவற்றைப் பெரிதாக்கினார், கேஸ்கட்டிலும் அதே அளவுக்கு வெட்டினார். பின்பக்கம் தட்டை அடைப்பு இருந்த இடத்தில் மரை வெட்டி, ஸ்பனரால் கழற்றக்கூடிய ஒரு மூடியைப் பொருத்தினார். மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து உள்ளே சேருகிற வண்டலைக் கழுவிவிடலாம். தேய்ந்துபோன வால்வ் இருக்கைகளைக் கத்தரினாவிடம் கொண்டுபோய்க் குடைந்து, உருக்கு வளையங்கள் இறக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை பூசிக் கையாலேயே அரைத்தார். அந்தக் கரகரப்பு நாட்கணக்கில் எங்கள் வீட்டில் கேட்டது. பசை தேயத் தேயச் சத்தம் மெலிந்து பட்டுத்துணியைத் தடவுவது போல வரும். அப்போது நிறுத்துவார். ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். விடியும் வரைக்கும் ஒரு வால்விலும் ஈரம் கசியவில்லை.

லொறியில் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது தகரக் கொட்டகை அதிரவேயில்லை. நானா ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குமிழி வருகிறதா என்று கன நேரம் பார்த்தார். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஹாஜியாரிடம் போய்ச் சாவியை வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு இப்றாஹிமின் வீட்டுக்குப் போனார். முகத்தில் வேலை முடிந்த சந்தோஷம் இருந்தது. போன சுருக்கில் சாவியோடு திரும்பி வந்தார்.

"எடுக்க மாட்டாராம்" என்றார் மதினியிடம்.

"ஏனாம்?"

நானா முகம் கழுவப் போய்விட்டார். சாப்பிடும்போதுதான் சொன்னார். இப்றாஹிம் சொன்னது இவ்வளவுதான்: "ஹெட்டத் திருத்திட்ட தம்பி, மாஷா அல்லாஹ். நீ சொன்ன சொல்லு இன்னும் அந்த மூலையில நிக்கிதே. அத யார் திருத்துற?"

மதினி கறிச்சட்டியை மூடினார். "நியாயம்தானே. நீங்க எங்க சொன்னீங்களோ அங்கயே போய்ச் சொல்லுங்க."

"எனக்குக் கதைக்கத் தெரியாது."

"அண்டைக்கு நல்லாத் தெரிஞ்சிச்சே."

மறுநாள் ஹாஜியாரின் மருமகன் பவுசரை ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் நிறைத்து வந்தான். அதே மூலை. எல்லோரும் குடங்களோடு வந்துவிட்டார்கள். கன நாளைக்குப் பிறகு வருகிற தண்ணீர். நானா காலையிலேயே இப்றாஹிமின் வீட்டு வேலியில் நின்று அவரை வரச் சொல்லியிருந்தார். இப்றாஹிம் வந்து, மனைவியின் குடத்துக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் நின்றார்.

நானா லொறியின் மிதிபலகையில் ஏறினார். கதவுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு நான் இங்க நிண்டு ஒரு கதை கதைச்சேன்" என்றார். சத்தம் போதவில்லை. ஹாஜியார், "பலத்துச் சொல்லு" என்றார்.

"இப்றாஹிம் காக்கா தண்ணி ஊத்தாம ஓட்டினாரெண்டு நான் சொன்னது பொய். பாக்காமச் சொன்னேன். அவர் ஊத்தினார். ஊராட தண்ணியில கை வைக்கக் கூடாதெண்டு உவர்த் தண்ணிய ஊத்தினார். அது உள்ளுக்கு உறைஞ்சு அடைச்சிட்டுது. முதல் முறை கழட்டினப்பவே நான் உள்ளுக்குப் பாத்திருக்கணும். பாக்கல்ல. பிழை என்ட."

யாரும் சிரிக்கவில்லை. பொடியன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"அப்ப இனி?" என்றார் ஹாஜியார்.

"இனி இந்த என்ஜினுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். ரேடியேட்டர் பழசு, ஓட ஓடக் குறையும். ஒவ்வொரு நாளும் ஒரு வாளி வேணும்."

"தாங்கியில இருந்து எடுக்கட்டும். நான் சொல்றேன், எடுக்கட்டும்."

"ஹாஜியார்" என்றார் இப்றாஹிம் கடைசியில் நின்றபடி. அவர் சத்தமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "உங்கட சொல்லு எனக்குப் பெரிசு. ஆனா தண்ணி வீடுகள்ட. ஒவ்வொரு வீடும், எங்கட பங்குல எடுக்கலாம், ஹலால் எண்டு வாயால சொன்னாத்தான் நான் தொடுவேன்."

"இந்த மனுசன் நம்மள எல்லாம் சொர்க்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போகப் போறார் போல" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் முன்னால் நின்ற பெண், "எங்கட பங்குல ஹலால்" என்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அப்படியே வரிசையாக வந்தது. என் முறை வந்தபோது, அன்றைக்குச் சிரித்த வாயால் நானும் மெதுவாகச் சொன்னேன். இப்றாஹிம் என் உதட்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

உம்மு குல்தூமிடம் வந்து நின்றது. அவள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். புருஷன் மௌத்தாகி இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கிற தன் உம்மாவுக்கும் சேர்த்து அவளேதான் தண்ணீர் எடுக்க வருவாள்.

"நான் தரல்ல" என்றாள்.

"ஏன் புள்ள?" என்றார் ஹாஜியார்.

"என்ட வாப்பா கடைசியாக் கேட்டது நல்ல தண்ணி. நாங்க வாயில விட்டது கிணத்துத் தண்ணி. அத விழுங்கேலாமத்தான் அவர் மௌத்தானார்." அவள் அழவில்லை. நானாவைத்தான் பார்த்தாள். "முத்தலிபு நானா முதல்லயே உள்ளுக்குப் பாத்திருந்தா லொறி நிண்டிருக்காது. இப்ப அந்த லொறிக்கு நான் நல்ல தண்ணி குடுக்கணுமா? என்ட பங்குல ஒரு சிரட்டையும் இல்ல."

நானா மிதிபலகையிலிருந்து இறங்கினார். அவளிடம் போவாரென்று நினைத்தேன். போகவில்லை; இறங்கின இடத்திலேயே நின்றார்.

"அது உன்ட ஹக்" என்றார் இப்றாஹிம் அவளிடம், மெதுவாக. "ஒரு வீடு இல்லையெண்டாலும் இல்லதான். ஹாஜியார், சாவிய மருமகன்ட்டயே குடுங்க. எனக்கு வேணாம்."

ஹாஜியார் ஏதோ சொல்லத் தொடங்கினார். நானா குறுக்கே பேசினார்.

"வீட்டுக்கு வந்த தண்ணி வீட்டாக்கள்டதானே காக்கா?"

"ஓம்."

"அத அவங்க குடிக்கலாம், ஆட்டுக்கும் வைக்கலாம், நிலத்திலயும் ஊத்தலாம்?"

"அவங்கட இஷ்டம்."

"அப்ப என்ட வீட்டுப் பங்கை எனக்கு அளந்து தாங்க. அதுல ஒரு வாளிய நான் நாளைக்குக் காலையில இந்த லொறிக்குக் கொண்டுவாறேன். நாளாண்டைக்கும் கொண்டுவருவேன். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் கொண்டுவருவேன். தாங்கியில இருந்து ஒருத்தரும் ஒண்டும் தர வேணாம்."

மதினி என் கையைப் பிடித்தார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர். ஒரு வாளி குறைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மதினி என் கையை விட்டுவிட்டுக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார்.

இப்றாஹிம் அந்தப் பாதங்களோடு வரிசையைக் கடந்து நடந்து வந்து, ஹாஜியாரிடம் கையை நீட்டினார். சாவி அவருடைய கைக்கு வந்தது. ஏறிச் சீட்டில் இருக்காமல், முதலில் பின்னால் போய்க் குழாயைத் திறந்தார். முதல் குடம் உம்மு குல்தூமுடையது. அவள் வைத்தாள். அவர் விளிம்பு வரைக்கும் நிறைத்தார்.

அன்றிலிருந்து நாங்கள் அரிசியை உவர்த் தண்ணீரில் கழுவுகிறோம். ஆக்குவதற்கு மட்டும்தான் நல்ல தண்ணீர். பிளேன்டீ ஒரு நேரம்தான். மதினி சில நாட்களில் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மனுசன் வாயால சொன்னதுக்கு நாங்க தாகத்தால கடன் கட்டுறோம்" என்பார். நானாவின் காதில் விழும்படிதான் சொல்வார். அவர் தன் கோப்பையைக் குடிக்காமல் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிடுவார். உம்மு குல்தூம் இன்றைக்கும் நானாவோடு கதைப்பதில்லை. அவளுடைய வீட்டில் திருத்திக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் ஒரு முறை என்னிடம் கேட்டார். நான் இல்லையென்றேன். அந்த வீட்டுக் கதவு கிறீச்சிடுவது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த முதல் காலையில் நானும் வேலியோரம் போய்ப் பார்த்தேன். இப்றாஹிம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நானா வாளியோடு வந்தார். வாளியை இவர் கொடுக்கவும் இல்லை, அவர் வாங்கவும் இல்லை. "ஊத்து" என்றார் இப்றாஹிம். நானா பிஸ்மி சொல்லி ஊற்றினார். அவசரத்தில் கொஞ்சம் வெளியே சிந்தி மணலுக்குள் போனது.

"மெதுவா தம்பி" என்றார் இப்றாஹிம். "அது உன்ட புள்ளைகள்ட தண்ணி."

நானா வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நூல் போல விட்டார். மூடியை முறுக்கிப் பூட்டிவிட்டு இப்றாஹிம் ஏறி என்ஜினை ஸ்டார்ட் செய்தார். லொறி சந்தி திரும்பும் வரைக்கும் நானா வெறும் வாளியோடு அங்கேயே நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.